தெரியாமல் கலந்து கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். பத்து வருடக் குடி. இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நிற்கிறது. வேலைக்குப் போகாத நாளில் நான்தான் முதலாளிக்கு போன் போட்டு 'காய்ச்சல்' என்கிறேன். மகளிர் குழுவில் லோன் எடுத்து அவர் கடனையும் நானே அடைக்கிறேன். முன்பெல்லாம் சபரிமலைக்கு மாலை போட்டால் அதைக் கழற்றும்வரை குடியைத் தொடமாட்டார். அதைச் சொல்லி, "நீ ஒழுங்காக இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்" என்கிறார் மாமியார். இந்தக் கார்த்திகைக்கும் மாலை போடச் சொல்கிறார்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி சித்தி ஒரு பவுடர் வாங்கித் தந்திருக்கிறார். கொடுக்கலாமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அந்தப் பவுடரைக் குப்பையில் போட்டுவிட்டு மீதியைப் படியுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, சித்திக்கும் தெரியாது. குடியை நிறுத்த டாக்டர்கள் எழுதித் தரும் டைசல்பிரம் என்ற மாத்திரை உண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரசரவென இறங்கும், உயிரே போகலாம். அதனால்தான் குடிப்பவரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு மட்டும் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்று அந்தப் பொட்டலத்தில் இருந்து, அவர் தெரியாமல் போய்க் குடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாலை விஷயத்தில் எனக்கு இன்னும் பயம். காலையில் கை நடுங்குகிறது என்றால், உடம்பு சாராயம் இல்லாமல் இயங்க மறுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. முன்பு மாலை போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்று நினைக்காதீர்கள். இந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம், அதைத் தாண்டி 3, 4 நாளில் இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது, நேரம் இடம் புரியாமல் பிதற்றுவது எல்லாம் வரலாம், சிகிச்சை இல்லாமல் விட்டால் இதில் இறந்தவர்களும் உண்டு. மாலை போடட்டும், யார் வேண்டாம் என்றது, ஆனால் அதற்கு முன் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டி, மருந்தோடு நிறுத்தட்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். முதலாளிக்கு நீங்கள் போடும் போன், நீங்கள் அடைக்கும் கடன், இவையெல்லாம் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்கிறீர்கள், ஆனால் குடியால் அவருக்கு விழவேண்டிய அடியை உங்கள் முதுகில் வாங்கிக்கொள்கிறீர்கள். அவருக்கு ஒன்றும் வலிக்காதபோது எதற்காக நிறுத்துவார்? சாப்பாடு போடுங்கள், உடம்பு முடியாவிட்டால் பாருங்கள், ஆஸ்பத்திரிக்கு என்றால் கூடவே போங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள், குடிக்கடனுக்குப் பணம் தராதீர்கள். இதை அவரிடம் முன்கூட்டியே, நிதானமாக இருக்கும் நேரம் பார்த்து, திட்டாமல் சொல்லிவிடுங்கள். இரவில் போதையில் இருப்பவரோடு எந்தப் பேச்சும் வேண்டாம், காலையில் அவருக்கு ஞாபகம்கூட இருக்காது. கை ஓங்கினால் பிள்ளைகளோடு வெளியேறி 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அந்த வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, பயந்து பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

மாமியார் சொன்னது தவறு. குடிப்பவரின் குடும்பத்தாருக்காக 1951-ல் அமெரிக்காவில் தொடங்கி இன்று நம்மூர் வரை நடக்கும் ஆல்-அனான் கூட்டங்களில் முதலில் சொல்லித் தருவதே இதைத்தான்: இந்தக் குடி உன்னால் வந்ததல்ல, அதைக் கட்டுப்படுத்தவும் குணமாக்கவும் உன்னால் ஆகாது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கியபோது, குடிப்பவருக்கு மட்டுமல்லாமல் குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை என்றார். உங்களுக்கும் உதவி தேவை, அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அப்பாவைக் கூட்டிவர டாஸ்மாக் வாசலுக்கு அனுப்பாதீர்கள். "அப்பாவுக்கு வந்திருப்பது நோய், நீ நல்ல மார்க் வாங்காததால் வந்ததல்ல" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பல பிள்ளைகள் அப்படித்தான் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: அண்ணன் சிகிச்சை முடிந்து வந்து 3 மாதம் ஆகிறது, குடிக்கவில்லை. அடுத்த மாதம் என் கல்யாணம், நண்பர்கள் பார்ட்டி கேட்கிறார்கள். அண்ணனுக்குத் தெரியாமல் வைத்துவிடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: பார்ட்டியே வேண்டாம் தம்பி. மறைத்து வைத்தால் எப்படியும் தெரியும், "என்னை நம்பவில்லை" என்ற வலி அவரைக் கடைக்கே கொண்டுபோய் விடலாம். நிறுத்திய முதல் சில மாதங்களில்தான் மறுபடி வழுக்குவது அதிகம். கல்யாண வீட்டில் "இன்று ஒரு நாள் மட்டும்" என்று கையைப் பிடித்து இழுக்கும் மாமன் ஒருவராவது இருப்பார், அவரிடம் இப்போதே பேசிவையுங்கள். அண்ணனிடமும் நேராகக் கேளுங்கள், எந்த நேரம் அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று. பந்தி மேற்பார்வையை அவரிடம் கொடுங்கள், இரவில் தனியாக விடாமல் உங்கள் பக்கத்திலேயே படுக்க வையுங்கள்.