தைராய்டு டெஸ்ட்டுக்கு முன் எந்த மாத்திரையை நிறுத்துவது?

கே: முடி கொட்டுகிறது என்று மூன்று மாதமாக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டிலேயே விரலில் குத்தி ரத்தம் எடுத்து அனுப்பினேன். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) குறைவு, டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அதிகம் என்று வந்திருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. பயமாக இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய டப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் 'முடி, நகம், சருமம்' என்று கொட்டை எழுத்து; பின்பக்கம் பொடி எழுத்தில் பயோட்டின் 10,000 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராமே போதும்.

மிச்சம் சிறுநீரில் போய்விடும். போவதற்குள் ரத்தம் எடுத்தால்தான் வம்பு. பல லேப் கருவிகள் பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் பசை மாதிரி வைத்துத்தான் ஹார்மோனை அளக்கின்றன. உங்கள் ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் முந்திக்கொண்டு அந்தப் பசையில் ஒட்டிக்கொள்ளும். டிஎஸ்எச்சையும் டி4-ஐயும் அளக்கும் முறை வேறு வேறு என்பதால், முதலாவது குறைவாகவும் இரண்டாவது அதிகமாகவும் தெரியும். பார்ப்பதற்கு அசல் ஹைப்பர் தைராய்டு, அதாவது தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது மாதிரியே இருக்கும்! தைராய்டை அதிகமாகச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோய்க்கான ஆன்டிபாடிகூடச் சில கருவிகளில் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும்.

படபடப்பு, கைநடுக்கம், எடை இறக்கம் எதுவும் இல்லை என்கிறீர்கள். நான் முதலில் ரிப்போர்ட்டைத்தான் சந்தேகப்படுவேன். பயோட்டினை நிறுத்திவிட்டு மறுபடி டெஸ்ட் எடுங்கள். குறைந்தது 2 நாள் நிறுத்தச் சொல்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கம். உங்கள் டோஸுக்கு நான் 3 நாள் என்பேன். அப்போதும் இதே முடிவு வந்தால் டாக்டரைப் பாருங்கள்.

கே: வைட்டமின் டி, பி12 எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். பி காம்ப்ளெக்ஸ், மல்டிவிட்டமின் லேபிளில் மட்டும் பயோட்டின் இருக்கிறதா என்று பாருங்கள். பி7, வைட்டமின் எச் என்றும் போட்டிருப்பார்கள், எல்லாம் ஒன்றுதான்.

கே: தைராய்டு குறைவுக்குப் போடும் தைராக்சின் மாத்திரையையும் நிறுத்தணுமா?

நிறுத்தவே கூடாது. டெஸ்ட் அன்று காலை மட்டும் ரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். முன்பே போட்டால் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) சில மணி நேரம் கூடுதலாகத் தெரியும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் டெஸ்ட்டைக் கெடுக்காது, தைராக்சின் உடம்பில் சேர்வதைத்தான் கெடுக்கும். நடுவில் 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். டெஸ்ட் சமயத்தில் மட்டுமில்லை, தினமும்.

கே: டாக்டரே அதிக டோஸில் பயோட்டின் எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்குச் சிறுநீரகப் பிரச்சினையும் உண்டு.

நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் பயோட்டின் வெளியேற நாள் கூடும். 2 நாள் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். பயோட்டின் குறுக்கிடாத முறையில் அளக்கும் லேப்களும் உண்டு.

கே: லேப்பில் சொல்லிவிட்டால் போதாதா?

லேப்பில் நேரில் ரத்தம் கொடுத்தால் ஒருவராவது கேட்க வாய்ப்புண்டு. வீட்டுக் கிட்டில் யார் கேட்பது? அனுப்பும் படிவத்தில் மாத்திரையின் பெயர், டோஸ், கடைசியாகப் போட்ட நாள் மூன்றையும் நீங்களே எழுதிவிடுங்கள். தைராய்டோடு முடிகிற விஷயமும் இல்லை இது. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவையும் பயோட்டின் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே எச்சரித்தது. நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்குப் போனால் இந்த மாத்திரையையும் மறக்காமல் சொல்லுங்கள்.