குறுக்கே ஒரு கோடு

அன்புள்ள ஐயா,

வணக்கம். பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பழைய டிவி பெட்டிகள் சேர்க்கலாம் என்று புதிதாக ஓர் ஆசை. போன ஞாயிறு பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் இழுகதவு வைத்த மரப்பெட்டி டிவி ஒன்று பார்த்தேன், டிரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடி வால்வு செட். கடைக்காரர் 400 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார். ப்ளக்கைச் செருகிக் காட்டச் சொன்னேன். திரையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு வந்தது, படம் இல்லை. சூடானால் வரும் என்று கால் மணி நேரம் விட்டுவைத்தோம். புகை நாற்றம் அடித்து அணைந்துவிட்டது. ஓடாத பெட்டிக்கு இவ்வளவு விலையா என்று திரும்பிவிட்டேன். முதலில் எந்த பிராண்டு வாங்கலாம்? ஜேவிசியின் உருண்டை டிவி பின்னாளில் விலை ஏறுமா?

அன்புள்ள தம்பி,

விலை ஏறவேண்டும் என்றால் நகைக்கடைக்குப் போங்கள். பிராண்டு எதுவாக இருந்தாலும் சரி. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ப்ளக்தான். சந்தைதோறும் நடக்கும் இந்தக் கூத்தைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

குறுக்கே ஒரு கோடு வந்தது என்று ஏதோ குறைபோல எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? பிக்சர் டியூபுக்கு, அதாவது திரையோடு சேர்ந்த கண்ணாடிக் குழாய்க்கு, உயிர் இருக்கிறது. ஃப்ளைபேக் என்கிற டிரான்ஸ்பார்மர் வேலை செய்து டியூபுக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கிறது. படத்தை மேலும் கீழும் விரிக்கிற வெர்ட்டிகல் பகுதி மட்டும் படுத்துவிட்டது. பெரும்பாலும் ஒரு கப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், மிஞ்சினால் ஒரு வால்வு. ஒரு பழைய பெட்டி இதைவிட நல்ல சேதி சொல்லாது. அந்தக் கணமே ப்ளக்கை உருவி, கேட்ட காசைக் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் கால் மணி நேரம் வேக வைத்திருக்கிறீர்கள்! வெளிச்சமெல்லாம் ஒரே கோட்டில் குவிந்தால் திரையின் உள்பக்கம் ஒளிரும் பாஸ்பர் பூச்சு கருகித் தழும்பு விழும் என்பது வேறு.

ஏன் செருகக்கூடாது? எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. அதுதான் காப்பு. பல வருடம் கரண்டே பாயாமல் கிடந்தால் அது மெலிந்துவிடும். திடீரென்று முழு வோல்டேஜ் ஏறினால் கசிந்து, சூடாகி, வெடிக்கும். காகிதக் கப்பாசிட்டர் இன்னும் மோசம். பினாங்குக் காற்றின் ஈரத்தை வருடக்கணக்காகக் குடித்திருக்கும். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு, அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலைக்கு, போகிற கப்பாசிட்டர் கசிந்தால், வரக்கூடாத பாசிட்டிவ் வோல்டேஜ் அங்கே வந்து, வால்வின் தகடு செக்கச்செவேலென்று சிவந்து, கூடவே டிரான்ஸ்பார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். கப்பாசிட்டர் சில்லறைக் காசு. ஃப்ளைபேக் போனால் அதே மாடலில் இன்னொரு பெட்டியைத் தேடி அலைய வேண்டியதுதான்.

ஆகவே சந்தைக்கு டார்ச்லைட்டும் மல்டிமீட்டரும் போதும். ஓடுகிறதா என்று வாயைத் திறக்காதீர்கள். கேட்டால் அவர் செருகிக் காட்டிவிடுவார். பின்பலகை ஓட்டைகள் வழியாக டார்ச் அடியுங்கள். ஃப்ளைபேக்கில் மெழுகு வழிந்திருக்கிறதா? எலி கூடு கட்டியிருக்கிறதா? வால்வுகளின் உள்பக்கம் வெள்ளிப் பூச்சு கண்ணாடிபோல மின்னினால் நல்லது, பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. பிக்சர் டியூபின் கழுத்து உடையாமல் இருக்கிறதா? பலகையைக் கழற்ற அவர் விட்டால், டியூபின் வால்பக்க சாக்கெட்டை மெல்ல உருவி ஹீட்டர் பின்கள் இரண்டுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். சில ஓம் காட்டினால் இழை அறுபடவில்லை. டியூபின் பக்கவாட்டில் இருக்கும் ரப்பர் குல்லாயை மட்டும் தொடாதீர்கள், அணைத்து நாளானாலும் அங்கே சார்ஜ் தங்கியிருக்கும்.

தூக்கும்போது திரையை மார்போடு அணையுங்கள், கனமெல்லாம் அந்தப் பக்கம்தான்.

வீட்டில் முதல் வேலை, அந்த சார்ஜை இறக்குவது. டியூபின் கரும்பூச்சு மேல் ஓடும் பின்னல் கம்பியில் ஒரு ஒயரைக் கிளிப் போட்டு, மறுமுனையை நல்ல காப்புப்பிடி உள்ள ஸ்க்ரூடிரைவரில் கட்டி, குல்லாய்க்குள் நுழைத்துத் தொடவேண்டும். ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். சில நிமிடம் கழித்து இன்னொரு தடவை, சார்ஜ் கொஞ்சம் திரும்பி வரும். பிறகு காகிதக் கப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள்: பழையதில் எழுதியிருக்கும் அதே அளவில் (0.01, 0.047, 0.1 மைக்ரோஃபாரட் என்று இருக்கும்), பெரும்பாலும் 630 வோல்ட் தாங்கும் பிளாஸ்டிக் ஃபிலிம் வகை. மொத்தமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு எது எங்கே என்று எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். கோலாலம்பூர் போனால் ஜாலான் பசாரில் கிடைக்கும்.

அதற்குப் பிறகுதான் ப்ளக். அதுவும் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு, கரண்ட் பல்பு வழியாகவே பெட்டிக்குப் போகும்படி. பல்பு முழுதாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், மினுக்கி மங்கினால் மேலே போகலாம். நடுவே மெயின் லைனையும் பெட்டியையும் பிரித்துவைக்கிற ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். பல வால்வு செட்டுகளில் மெயின் லைனின் ஒரு கம்பி நேராக சேசிஸில், அதாவது உள்ளே இருக்கும் தகரச் சட்டத்தில்தான் முடிகிறது. ப்ளக் திரும்பியிருந்தால் நீங்கள் தொடும் தகரத்தில் 240 வோல்ட் இருக்கும்.

ஓடினாலும் படம் தானாக வராது. மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பை 2019இல் நிறுத்திவிட்டார்கள். வேறொரு கருவியின் படத்தைப் பழைய டிவி சேனலாக மாற்றித் தருகிற மாடுலேட்டர் வேண்டும். பழைய பெட்டியில் பெரும்பாலும் விஎச்எஃப் என்ற அலைவரிசைப் பட்டை மட்டும்தான் இருக்கும் என்பதால் விஎச்எஃப் சேனல் தருகிற மாடுலேட்டராகப் பார்த்து வாங்குங்கள். ஒலி 5.5 மெகாஹெர்ட்ஸில் இல்லாவிட்டால் படம் வரும், பேச்சு வராது.

உருண்டை டிவியை மறக்கவில்லை. ஜப்பான் உள்ளூர் மாடலா என்று பின்தகட்டைப் படியுங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் நம் சுவர் சாக்கெட் அதற்கு எமன். இன்னொன்று, இங்கே கலர் ஒளிபரப்பு 1978 டிசம்பரில்தான் தொடங்கியது. 'அறுபதுகளின் கலர் டிவி, நம்ம ஊர்ப் பெட்டி' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அந்த மரப்பெட்டியில் எது எரிந்தது என்று இங்கிருந்து சொல்லமுடியாது. ரெசிஸ்டர் என்றால் பிழைத்தது. இந்த ஞாயிறு விடிந்ததும் போய், இன்னும் அங்கே இருந்தால் டார்ச் அடித்து ஃப்ளைபேக்கைப் பாருங்கள். உப்பவில்லை, கருகவில்லை என்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள், அந்தப் புகைக்கு நீங்களும் பொறுப்பு. வாங்கியதும் ப்ளக்கை வெட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் சும்மா இருக்கமாட்டார்.