மெதுவாகத்தானே போகிறேன், ஹெல்மெட் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 46, மேடவாக்கத்தில் இருக்கிறேன். டாக்டர் சொன்னதால் போன மாதம் ஒரு ஹைபிரிட் சைக்கிள் வாங்கினேன். ஞாயிறு காலையில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய்வரும் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறேன். ஹெல்மெட் இல்லாவிட்டால் வரவேண்டாம் என்கிறார்கள். நான் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். என் அப்பா நாற்பது வருடம் சைக்கிளில்தான் வேலைக்குப் போனார். ஒருநாளும் தலையில் எதையும் மாட்டியதில்லை. சட்டத்திலும் இது கிடையாதாமே? இந்த வெயிலில் ஹெல்மெட் போட்டால் முடி கொட்டுமோ என்றும் பயமாக இருக்கிறது. போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் வீட்டில் இருக்கும் பைக் ஹெல்மெட் போதாதா? ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் பழைய சைக்கிள் ஹெல்மெட்டை 500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: குழுவோடு போகிற நாளில் கட்டாயம் போடுங்கள். தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போகும்போது போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். இரண்டும் சைக்கிள்தானே, ஏன் பிரிக்கிறேன் என்று கேட்பீர்கள். இரண்டிலும் விழுகிற விதம் வேறு.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம். நீங்கள் கேள்விப்பட்டது சரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குவது மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு மட்டும்தான். சைக்கிளுக்கு அப்படி எதுவும் இல்லை. அப்படி ஒரு சட்டம் வரவேண்டும் என்றும் நான் கேட்க மாட்டேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலையில் எல்லா சைக்கிள்காரர்களுக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அதன்பிறகு மெல்பர்னில் எடுத்த கணக்குகளில், சைக்கிளில் போகும் பதின்ம வயதுப் பிள்ளைகள் கணிசமாகக் குறைந்திருந்தார்கள். அரசு கொடுத்த சைக்கிளில் இரண்டு மைல் தள்ளிப் பள்ளிக்கூடம் போகும் நம் ஊர்ப் பெண்ணை நிறுத்தி அபராதம் போட்டால் யாருக்கு லாபம்? ஆனால் ஒரு குழு தனக்கென்று விதி வைத்துக்கொள்வது வேறு விஷயம். ஒருவர் விழுந்தால் மற்ற பதினைந்து பேரும் ஆம்புலன்ஸுக்காக ரோட்டோரம் நிற்க வேண்டும். அதனால் கேட்கிற உரிமை அவர்களுக்கு உண்டு.

இனி உங்கள் அப்பா. அவர் ஓட்டியது நிமிர்ந்து உட்காரும் கனமான சைக்கிளாக இருந்திருக்கும். நிதானமாக, பெரும்பாலும் தனியாகப் போயிருப்பார். அவருடைய முன்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் இன்னொரு பின்சக்கரம் ஓடிக்கொண்டிருக்கவில்லை. உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் அது ஓடும்.

நீங்கள் சோழிங்கநல்லூர் வழியாக வந்து அக்கரையில் குழுவோடு சேர்வீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உத்தண்டி தாண்டியதும் கடற்காற்று முகத்தில் அடிக்கும். காற்றுக்கு ஒதுங்க எல்லோரும் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். அவருக்கும் உங்களுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி இருந்தால் அதிகம். முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால் ஒரு நாய் குறுக்கே வருகிறது, அல்லது ரோட்டோரத்தில் மணல் கிடக்கிறது. முன்னால் இருப்பவர் சட்டென்று வலதுபக்கம் ஒதுங்குகிறார். அவருடைய பின்சக்கரம் உங்கள் முன்சக்கரத்தின் பக்கவாட்டில் உரசுகிறது. அவருக்கு ஒன்றும் ஆகாது, பல சமயம் உரசியதே தெரியாது. விழுவது நீங்கள்.

சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் திருப்பித்தான் நாம் எல்லோரும் விழாமல் ஓட்டுகிறோம், நமக்கே தெரியாமல். முன்சக்கரத்தை இன்னொரு சக்கரம் அழுத்திப் பிடித்துக்கொண்டால் அந்தத் திருப்பல் நடக்காது. சைக்கிள் அப்படியே பக்கவாட்டில் படுத்துவிடும். கையை ஊன்ற நேரம் கிடைக்காது. பின்னால் வருகிறவர்களுக்கும் நேரமில்லை. மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏழு மீட்டர். ஏதோ ஆகிவிட்டது என்று மண்டையில் உறைப்பதற்கே அரை விநாடி ஆகும், அதற்குள் மூன்றரை மீட்டர் போயிருப்பார்கள். முதல் ஆள் விழுந்தால் நான்காவது ஆள் வரை விழுவது இப்படித்தான். நீங்கள் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் அடுத்தவர் கவனக்குறைவில் விழக்கூடிய ஓட்டம் இது.

சரி, நான் 20-ல்தானே போகிறேன் என்கிறீர்கள். எல்லோரும் இதில்தான் ஏமாறுகிறோம். தலை தரையில் மோதுவது முன்னோக்கிப் போகும் வேகத்தால் மட்டும் இல்லை. சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து எது விழுந்தாலும் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். சைக்கிள் 35-ல் போனாலும் அதே கணக்கு, அசையாமல் நின்றாலும் அதே கணக்கு. முன்னோக்கிய வேகம் பெரும்பாலும் தோலைத்தான் உரிக்கும், எதிரில் சுவரோ வண்டியோ இல்லாத வரை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷூவைப் பூட்டிக்கொள்ளும் வகைப் பெடலை மாட்டிய முதல் வாரம், சிக்னலில் நின்றேன், காலை எடுக்க மறந்தேன், நின்ற இடத்திலேயே வாழைமரம் மாதிரி சாய்ந்தேன். வேகம் பூஜ்யம். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார், நியாயம்தான். ஆனால் ஹெல்மெட்டின் இடதுபக்கம் 'டக்' என்று தாரில் பட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சைக்கிள் ஹெல்மெட் செய்யப்பட்டதே இந்த மாதிரி விழுவதற்காகத்தான். ஐரோப்பியத் தரமான இ.என். 1078-ல் ஹெல்மெட்டுக்குள் ஒரு போலித் தலையை வைத்து, தட்டையான இரும்பின் மேல் விநாடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோதவிடுகிறார்கள். மணிக்குக் கணக்கிட்டால் 19.5 கிலோமீட்டர், அதாவது ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற வேகம். அமெரிக்காவின் சி.பி.எஸ்.சி. தரம் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் சரக்கு வேறொன்றுமில்லை, டிவி பெட்டிக்குள் வருகிற தெர்மோகோலின் கொஞ்சம் அடர்த்தியான வகை. வெறும் தலை தாரில் மோதினால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பங்கில் சட்டென்று நின்றுவிடும், ஆனால் உள்ளே மூளை உடனே நிற்காது. தெர்மோகோல் நசுங்கிக் கொடுக்கிற அந்த ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் தலை கொஞ்சம் மெதுவாக நிற்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

அதனால் லாரி மோதினால் ஹெல்மெட் காப்பாற்றும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அந்த வேகத்துக்கு அது சோதிக்கப்படவே இல்லை. கூட்டமாக விழும்போது அடிக்கடி உடைகிற காறை எலும்புக்கும் அதனால் பயனில்லை. தலைக்கு மட்டும் என்ன பயன் என்று கேட்டால், 2016-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 40 ஆய்வுகளைச் சேர்த்து, அடிபட்ட 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களைக் கணக்கில் எடுத்தது. ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குத் தலையில் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு 69 சதவீதம் குறைவாக இருந்தது. இது ஏற்கனவே விழுந்து அடிபட்டவர்களைப் பற்றிய கணக்கு என்பதை மறந்துவிடாதீர்கள். விழாமல் இருப்பதற்கு ஹெல்மெட் ஒன்றும் செய்யாது. அதற்கு முன்சக்கரத்தை அடுத்தவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோகாமல் இருக்க வேண்டும், கை பிரேக் மேலேயே இருக்க வேண்டும், பள்ளத்தைப் பார்த்தால் பின்னால் வருகிறவருக்குக் கை காட்ட வேண்டும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு இதையெல்லாம் விட்டுவிடுகிறவரை விட, வெறும் தலையோடு ஒழுங்காக ஓட்டுகிறவரின் பின்னால் போக எனக்குச் சம்மதம். இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது.

நெதர்லாந்தில் யாரும் போடுவதில்லையே என்று குழுவில் யாராவது ஒருவர் சொல்வார், எப்போதும் சொல்வார். உண்மைதான். அங்கே தனிப் பாதையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஆபீஸுக்குப் போகிறவர்கள் போடுவதில்லை, உங்கள் அப்பாவைப் போலவே. அதே டச்சுக்காரர் சனிக்கிழமை ரேஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு கிளம்பினால் பெரும்பாலும் ஹெல்மெட்டோடுதான் கிளம்புகிறார்.

தொழில்முறை வீரர்களே நம்மைப் போல முரண்டு பிடித்தவர்கள்தான். 1991-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கப் பார்த்தது. பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் வீரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், சங்கம் பின்வாங்கியது. பன்னிரண்டு வருடம் கழித்து, 2003 மார்ச்சில், அதே பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்திரெய் கிவிலெவ் கூட்டத்துக்குள் சக வீரர்களோடு மோதி விழுந்தார். காரும் இல்லை, மலைச்சரிவும் இல்லை. தலையில் ஹெல்மெட் இல்லை. மறுநாள் இறந்துபோனார். அந்த வருடம் மே மாதம் விதி வந்தது. முதலில், முடிவுக் கோடு மலையுச்சியில் இருந்தால் கடைசி ஏற்றத்தில் கழற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருந்தது, பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள்.

முடி விஷயத்துக்கு வருவோம். ஹெல்மெட்டால் முடி வேரோடு போய்விடாது. ஆனால் வேர்வையும் எண்ணெயும் ஊறிய பஞ்சை வாரக்கணக்கில் துவைக்காமல் மாட்டினால் அரிப்பும் பொடுகும் வரத்தான் செய்யும். உள்ளே இருக்கும் பஞ்சுப் பட்டைகள் ஒட்டுப்பட்டையில்தான் நிற்கின்றன. உரித்தெடுத்து வாரம் ஒருமுறை லேசான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். தலையில் ஒரு மெல்லிய பருத்தித் துணியைக் கட்டி அதன்மேல் போட்டால் வேர்வை கண்ணில் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது தேங்காய் எண்ணெயை ரைடு முடிந்து குளித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட முடி இருப்பவர்கள் ஜடையைக் கழுத்தை ஒட்டித் தாழ்வாகப் பின்ன வேண்டும். கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது.

பைக் ஹெல்மெட் வேண்டாம். அது பலவீனம் என்பதால் இல்லை. பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல் கனம், காற்று புகாது. கால் மிதித்து உடம்பு கொதிக்கும்போது இரண்டு மணி நேரம் அதைச் சுமந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், கோவளம் தாண்டுவதற்குள் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவீர்கள். காதையும் மூடிவிடும். பின்னால் இருந்து 'கார் வருது' என்று கத்துவது கேட்காவிட்டால் குழுவில் ஓட்டுவதே ஆபத்து. சைக்கிள் ஹெல்மெட் 250 முதல் 350 கிராம்தான் இருக்கும்.

நண்பரின் 500 ரூபாய் ஹெல்மெட்டும் வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். தெர்மோகோல் ஒருமுறை நசுங்கினால் நசுங்கினதுதான், மறுபடி உப்பாது. நான் சிக்னலில் சாய்ந்த கதையைச் சொன்னேன் இல்லையா, அந்த ஹெல்மெட்டை வீட்டுக்கு வந்து பார்த்தேன். வெளியே ஓட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தேய்ப்பு, வேறொன்றும் இல்லை. இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து பஞ்சைத் துவைக்க உரித்தபோதுதான் காதுக்கு மேலே, உள்பக்கம், தெர்மோகோலில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இரண்டு அங்குல நீளத்துக்கு ஓடியிருப்பதைப் பார்த்தேன். கட்டைவிரலால் அழுத்தினால் வாய் திறந்து மூடியது. அந்த ஒரு மாதமும் அதைப் போட்டுக்கொண்டு நான்கு ரைடு போயிருந்தேன். நண்பரின் ஹெல்மெட் எத்தனை தடவை மாடிப்படியில் உருண்டது, வெயிலில் பூட்டிய காருக்குள் எத்தனை நாள் கிடந்தது என்பது அவருக்கே நினைவிருக்காது.

புதிதாகவே வாங்குங்கள். உள்ளே இ.என். 1078 அல்லது சி.பி.எஸ்.சி. என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைப்பதே போதும், விலை ஏற ஏறக் காற்றோட்டமும் எடைக் குறைவும்தான் முக்கியமாகக் கூடும். மிப்ஸ் என்று எழுதியது கொஞ்சம் கூடுதல் விலையில் வரும். சாய்வாக விழும்போது தலை திருகிக்கொள்வதைக் குறைக்க உள்ளே வழுக்கிக் கொடுக்கும் ஒரு அடுக்கு அது. பணம் இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

அளவுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். டெய்லர் டேப்பைப் புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றிப் பிடித்து எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். போட்டதும் புருவத்துக்கும் ஹெல்மெட்டின் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம்தான் இருக்க வேண்டும். நெற்றி முழுக்கத் தெரிகிற மாதிரி பின்னால் தள்ளிப் போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள் குழுவுக்குக் குழு உண்டு, அவர்களைப் பார்த்துப் பழக வேண்டாம். பக்கத்துப் பட்டைகள் இரண்டும் காதுமடலுக்குக் கீழே சேர வேண்டும். ஹெல்மெட்டின் பின்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகி இறுக்குங்கள், பிறகு தாடைப்பட்டையைப் பூட்டாமலேயே தலையைக் குனிந்து ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் விழாமல் நின்றால் அளவு சரி. அப்புறம் பட்டையைப் பூட்டி வாயை 'ஆ' என்று திறங்கள், ஹெல்மெட் கொஞ்சம் கீழே இழுபட்டு உச்சந்தலையில் அழுந்த வேண்டும்.

ஞாயிறு காலை கிளம்புவதற்கு முன் ரைடு லீடர் ஒவ்வொருவரிடமும் வந்து பட்டைக்குள் விரல் விட்டு இழுத்துப் பார்ப்பார். ஒரு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் திட்டுவார். தாடையை உயர்த்திக் காட்டுங்கள்.