பழைய சொகுசு செடானா, பிளக்-இன் ஹைபிரிட்டா?

பயன்படுத்திய கார் வாங்க இந்த இரண்டில் எது என்று கேட்டீர்கள்; தினமும் 40 கி.மீ. ஓட்டம், வீட்டிலேயே சார்ஜ் வசதி என்கிறீர்கள். அப்படியென்றால் 12 வருடப் பழைய செடானைவிட, சார்ஜ் போட்டு மின்சாரத்திலும் பிறகு பெட்ரோலிலும் ஓடும் 3 வருட ஹைபிரிட்டுக்கே என் ஓட்டு. சார்ஜ் வசதி இல்லாவிட்டால் அது வெறும் கனமான பெட்ரோல் கார்தான்.

செடானின் மேல் ஆசை விடவில்லையா? ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் காரைத் தாங்கும் அமைப்பு) இருந்தால், சமதளத்தில் இரவு நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து அதற்கு மேலுள்ள ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் பாடி பாகம்) விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து வையுங்கள். காலையில் ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அங்கே காற்று கசிகிறது. அதை ஈடுகட்ட, காற்று நிரப்பும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, அதுவும் எரிந்துபோகும், செலவு இரட்டிப்பு. விலை குறைந்தது கார்தான், உதிரிபாகம் அல்ல.

ஹைபிரிட்டில் முழு சார்ஜ் போட்டு, ஏசியோடு, எஞ்சின் தானாக எழும்வரை ஓட்டிப் பாருங்கள். மின்சாரத்தில் போன தூரம் அறிவிக்கப்பட்டதில் பாதிதான் என்றால் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை கேளுங்கள். குளிரும் வேகமும்கூடத் தூரத்தைக் குறைக்கும். எஞ்சின் அடிக்கடி சூடேறாமல் அணைவதால் ஆயிலில் பெட்ரோல் கலக்கும். ஆகவே கி.மீ. குறைவு என்று விடாமல் வருடம் ஒருமுறை ஆயில் மாற்றிய பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தைப் பெரும்பாலும் மோட்டாரே குறைத்துவிடுவதால் பிரேக்குக்கு வேலை குறைவு; ஆகவே பின்சக்கர பிரேக் டிஸ்கில் துரு இருக்கிறதா என்பதையும்.