மேட்டூரில் 2 லட்சம் கன அடி திறந்தால் பவானியில் என்ன ஆகும்? ஆற்றோரம் வாடகை வீடு எடுக்கலாமா?

கேட்டவர் ஈரோட்டுக்கு மாற்றலாகி வருகிறார். பவானியில் ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு வீடு அமைந்திருக்கிறதாம். நல்ல காற்று, வாடகையும் குறைவு. வெள்ளம் வந்தால் முன்கூட்டியே தெரியுமா என்று கேட்கிறார். வாடகை ஏன் குறைவு என்ற சந்தேகம் அவருக்கே வந்திருப்பது நல்ல அறிகுறி.

தெரியும். ஒரு நாள் முன்பாகவே தெரியும். எங்கள் ஊரில் வெள்ளம் திருடனைப்போல வருவதில்லை, சம்பந்தி வீட்டார்போலச் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கடைசி அரை மணி நேரத்தில்தான் பாத்திரம் பண்டங்களைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிறோம்.

நான் வளர்ந்தது பவானியில், அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில். காவிரிக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெரு. வீட்டில் ஜமக்காளத் தறி இரண்டு, இரண்டும் குழித்தறி. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: தரையில் குழி வெட்டியிருக்கும். நெய்பவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். வீட்டிலேயே தாழ்ந்த இடம் அந்தக் குழிதான். ஆறு ஏறினால் தெருவுக்குத் தண்ணீர் வரும் முன்பே குழியில் ஊறத் தொடங்கிவிடும். விடிகாலையில் மிதியில் கால் வைத்ததும் சில்லென்று ஈரம் பட்டால் அப்புச்சி எந்தச் செய்திக்கும் காத்திருக்க மாட்டார். "நூல் மூட்டையை மேலே ஏற்று கண்ணு" என்பார். அவ்வளவுதான்.

தண்ணீர் வருகிற வழியைச் சொல்லிவிடுகிறேன். வயநாட்டில் மழை கொட்டினால் முதலில் நிரம்புவது கபினி. சிறிய அணை, 20 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) கூடக் கொள்ளாது. குடகில் பெய்தால் கிருஷ்ணராஜ சாகர். இரண்டும் நிரம்பித் திறந்துவிட்ட தண்ணீரை மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். பிறகு ஒகேனக்கல்லில் விழுந்து மேட்டூருக்குள் நுழைகிறது. ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை என்ற செய்திதான் எங்களுக்கு முதல் தகவல் அறிக்கை.

அதற்காக அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதில்லை. மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. மட்டம் எண்பது, தொண்ணூறு என்று இருந்தால் ஒகேனக்கல்லில் எவ்வளவு நுரைத்தாலும் நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம். அணையின் வயிறு காலி, குடித்துக்கொள்ளும். 119-ஐத் தொட்டுவிட்டால் கதை வேறு. வருகிற தண்ணீரை அப்படியே வெளியே அனுப்புவதைத் தவிர அணைக்கு வேறு வழியில்லை. 2 லட்சம் கன அடி என்பது விநாடிக்கு ஓடும் அளவு, ஒரு நாள் முழுக்க அப்படியே ஓடினால் 17 டி.எம்.சி.க்கு மேல். வறண்டு கிடக்கும் மேட்டூரையே ஐந்தரை நாளில் நிரப்பிவிடுகிற தண்ணீர் அது. நிரம்பிய அணையை அது என்ன பாடு படுத்தும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. திறப்பு இருபதாயிரம் கன அடி வரை அணையின் மின் நிலையங்கள் வழியாகவே வந்துவிடும், அது எங்களுக்கு அன்றாட ஆறுதான். செய்தியில் உபரி நீரைத் திறந்துவிடும் '16 கண் மதகு' என்ற சொல் வந்தால்தான் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து நிற்பார். அங்கே காலையில் திறப்பைக் கூட்டினால் மாலைக்குள், பவானி ஆறு காவிரியில் சேருமிடமான கூடுதுறைப் படிகளில் தெரியும்.

வழியில் செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைகள் இருக்கின்றனவே, அவை தடுக்காதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவை மின்சாரம் எடுப்பதற்காகத் தண்ணீரை நிறுத்தி வைப்பவை. வெள்ளம் வந்தால் கதவுகளை முழுக்கத் தூக்கி வழிவிடுவதுதான் அவற்றின் வேலை. பெயரில் அணை இருக்கிறது என்பதற்காக நம்பிவிட வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் காவிரி. ஆனால் செய்தியில் வரும் அந்த ஒற்றை எண்ணை வைத்து எங்கள் ஊரைக் கணக்குப் போட முடியாது. மேற்கேயிருந்து பவானி ஆறு வந்து சங்கமேசுவரர் கோயிலை ஒட்டிக் காவிரியில் சேர்கிறது. காவிரி தாழ்ந்து ஓடும்போது பவானி தன் பாட்டுக்கு உள்ளே நுழைந்துகொள்ளும். காவிரி உயர்ந்துவிட்டால் நுழைய இடம் கிடைக்காது. அப்படியே நின்று, தேங்கி, வந்த வழியிலேயே பின்னால் ஏறும். முன்வாசலில் உட்கார்ந்து காவிரியைக் காவல் காத்துக்கொண்டிருப்போம், கொல்லைப்புறமாகப் பவானி வந்து நிற்கும். அதற்கும் முன்பே சாக்கடை வரும். தெருச் சாக்கடைகள் ஆற்றில்தானே முடிகின்றன? ஆறு ஏறியதும் அவை திரும்பி ஓடும். எங்கள் தெருவுக்கு வெள்ளம் ஒரு நாளும் ஆற்றங்கரை தாண்டி வந்ததில்லை, சாக்கடை மூடியைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது. அந்தத் தண்ணீரின் நாற்றத்தை எந்தச் செய்தியிலும் சொல்ல மாட்டார்கள்.

இதை எங்களுக்கு முன்கூட்டிக் காட்டிக் கொடுப்பது காலிங்கராயன் அணைக்கட்டு. 13-ஆம் நூற்றாண்டில் கட்டியது என்பார்கள். பவானி ஆற்றில், கூடுதுறைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் கூடினால் அணைக்கட்டின் மேல் வழிந்து விழுகிற சத்தமும் கூடும். இரவில் அடங்கிய பிறகு வீடு வரைக்கும் இரைச்சல் கேட்கும். சிறுவயதில் அந்த இரைச்சலைக் கேட்டு நான் பயப்படுவேன். அப்புச்சி சிரிப்பார். "சத்தம் கேட்கிற வரைக்கும் தூங்கு கண்ணு. சத்தம் நின்றால்தான் எழுந்திருக்க வேண்டும்." விவரம் தெரியாத வயதில் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். விஷயம் எளியது. கீழே காவிரி ஏறி, அணைக்கட்டின் உயரத்தைத் தொட்டுவிட்டால், மேலேயிருந்து தண்ணீர் விழுவதற்கு இடமே இருக்காது. மேலும் கீழும் ஒரே மட்டம். ஆறு பேச்சை நிறுத்திவிடும்.

2018 ஆகஸ்டில் அது நின்றது.

அந்த ஆண்டு ஜூலை 23 அன்றே மேட்டூர் நிரம்பியிருந்தது. ஊரே மகிழ்ச்சியில் இருந்தது. பல ஆண்டுகள் மணலைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்கள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் ஆறாகத் தண்ணீர் ஓடுகிறது என்று உறவினர்களையெல்லாம் வரச் சொன்னோம். ஆகஸ்ட் நடுவில் கேரளத்தில் பெரு வெள்ளம் வந்த அதே நாட்களில் இங்கே மேட்டூர்த் திறப்பு 2 லட்சத்தை எட்டியது. நீலகிரியிலும் மழை. பவானி ஆற்றில் மேலே இருக்கும் பில்லூர் அணை நிரம்பி, பவானிசாகர் அணையையும் திறந்துவிட்டார்கள். இரண்டு ஆறும் ஒரே வாரத்தில்.

நான் அப்போது எதிர்க்கரையில், குமாரபாளையத்தில் குடியிருந்தேன். ஒரே ஆறுதான், ஆனால் இந்தக் கரை ஈரோடு மாவட்டம், அந்தக் கரை நாமக்கல் மாவட்டம். இரண்டு கரையிலும் தனித்தனியாக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி எச்சரிக்கை செய்தார்கள். குமாரபாளையத்தில் மணிமேகலை வீதி, கலைமகள் வீதிப் பக்கம் விசைத்தறிக்காரர்கள் மோட்டார்களைக் கழற்றி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். அதற்கு முன்பு வரை அதன்மேல் திருவிழாக் கூட்டம். ஆற்றைப் பார்க்க வந்தவர்கள், பார்க்க வந்தவர்களைப் பார்க்க வந்தவர்கள், பொரிகடலை விற்பவர். காவலர்கள் விரட்டுவார்கள், கூட்டம் நகர்ந்து மறுபடி கூடும். யாரையும் குறை சொல்ல மாட்டேன், நானும் பத்து நிமிடம் நின்று பார்த்தேன். செம்மண் நிறத் தண்ணீரில் ஒரு மரம் வேரோடு வந்து தூணில் மோதித் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு நிற்கத் தோன்றவில்லை.

சுற்றிக்கொண்டு பவானிக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அப்புச்சிக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது, காதும் மந்தம். திண்ணையில் உட்கார்ந்து, "இரைச்சல் கேட்கிறதா?" என்று என்னைக் கேட்டார். தெருவில் நாய் குரைத்தது, எங்கோ ஜெனரேட்டர் ஓடியது. அணைக்கட்டுப் பக்கமிருந்து ஒன்றுமே இல்லை. கேட்கவில்லை என்றேன். அவர் எழுந்து உள்ளே போனார், வெளியேறுவதற்கு அல்ல, தறியைப் பார்க்க.

ஒரு நாள் முன்பே தெரிந்தும் நாங்கள் ஏன் ஓடவில்லை என்றால், தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் பூட்டிய நூல், இருந்தது. பாதி நெய்த ஜமக்காளம் இருந்தது. வீட்டுப் பொருளைத் தூக்கலாம், தொலைக்காட்சியைத் தூக்கலாம், அரிசி மூட்டையைப் பரணில் போடலாம். பூட்டிய பாவைத் தூக்க முடியாது. அறுக்க வேண்டும். அறுத்தால் திரும்பப் பாவு பிணைத்து, தறியைச் சரிசெய்து முதல் இழை ஓட்டுவதற்குள் பல நாள் கூலி போய்விடும். போதாததற்கு நூல் எங்களுடையது அல்ல, நெய்யக் கொடுத்தவருடையது. வெள்ளம் வராமல் போய்விட்டால், பயந்துபோய் பாவை அறுத்தவன் என்ற பெயர் மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கணக்கு: இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம். சாக்கடை மூடி ஆடட்டும், பார்க்கலாம். குழியில் முழங்கால் வரட்டும், பார்க்கலாம். வருவாய்த் துறையினர் வந்து பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், சாப்பாடு தயாராக இருக்கிறது என்று கூப்பிட்டபோது தெருவில் பாதிப்பேர் தலையாட்டிவிட்டு உள்ளேதான் போனார்கள். கரையோர மக்கள் எச்சரிக்கையை மதிப்பதில்லை என்று வெளியே இருப்பவர்கள் எழுதுகிறார்கள். தறிக்குழி விளிம்பில் கத்தரிக்கோலுடன் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

மாமாதான் அறுத்தார். இரவு பதினொன்று இருக்கும். அப்புச்சி பார்க்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். குழி நிரம்பித் தரை மட்டத்துக்கு வந்து, கட்டில் காலைத் தொட்டபோது பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினோம். மூன்றாம் நாள் திரும்பினோம். குழியிலிருந்து சேற்றை வாளி வாளியாக அள்ளியதில் மிதிக்கட்டை கிடைத்தது, என் செருப்பு கிடைக்கவில்லை. அதே மாதம் 22-ஆம் தேதி, கீழே திருச்சி அருகே முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. 1836-இல் கட்டி முடித்த அணை அது. எங்கள் வீட்டைத் தொட்டுவிட்டுப் போன தண்ணீர்தானே என்று மாமா சொன்னார்.

2022 ஆகஸ்ட் முதல் வாரத்திலும் மேட்டூரிலிருந்து 2 லட்சத்துக்கு மேல் திறந்தார்கள். அதே எண். ஆனால் எங்கள் வீட்டில் குழி நிரம்பியதோடு நின்றுவிட்டது. அந்த முறை பவானி ஆற்றில் 2018 அளவுக்குத் தண்ணீர் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், பவானிசாகர் என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள். அந்த அணையின் முழு உயரம் 105 அடி, ஆனால் அக்டோபர் முடியும் வரை 102 அடிக்கு மேல் நிறுத்த மாட்டார்கள். நிரம்பும் முன்பே திறக்கிறார்களே, வீணாகப் போகிறதே என்று டீக்கடையில் ஆண்டுதோறும் ஒருவர் கொதிப்பார். அந்த மூன்றடிதான் எங்கள் தலைக்கு மேல் பிடித்திருக்கும் குடை. மேட்டூருக்கு அப்படி ஒரு குடை பிடிக்கலாமே என்று எனக்கும் தோன்றும். ஆனால் டெல்டா விவசாயியிடம் போய் நிரம்புகிற அணையில் நாலு அடி காலியாக வையுங்கள் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. அந்த நாலு அடி அவர்களுக்குத் தை மாத அறுவடை. ஒன்றை மறக்கக் கூடாது: 1924 ஜூலையில் வந்த பெரு வெள்ளத்தின்போது மேட்டூரில் அணையே கிடையாது. அடுத்த ஆண்டுதான் வேலை தொடங்கி 1934-இல் முடித்தார்கள். அந்த வெள்ளத்தைப் பார்த்தவர் அப்புச்சியின் அப்பா. அப்போது ஒரு நாள் முன்னறிவிப்பெல்லாம் இல்லை, கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தபோது தண்ணீர் வாசலில் இருந்தது என்று சொல்வாராம்.

நீங்கள் பார்த்த வீட்டுக்கு வருவோம். மாடி என்றால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இரண்டு மூன்று நாள் மாடியிலேயே கிடக்க வேண்டியிருக்கும், குடிநீரும் மின்சாரமும் இருக்காது. வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று இப்போதே யோசியுங்கள். கீழ்வீடு என்றால் கதவுகளைக் குனிந்து பாருங்கள். மேற்பகுதி பழைய பலகையாகவும் அடியில் ஒரு முழம் மட்டும் புதுப் பலகையாகவும் இருந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. சுவிட்சுப் பெட்டி எட்டாத உயரத்தில் இருந்தாலும் அப்படித்தான். வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், எல்லா வீட்டுக்காரரும் "படி வரைக்கும் வந்தது, உள்ளே வரவில்லை" என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் தறி ஓடும் வீடு இருந்தால் ஒரு நடை போய், குழியில் ஊறுமா என்று கேளுங்கள். பொய் சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

முடிந்தால் ஆடி மாதத்தில் ஒரு இரவு அந்த வீட்டில் தங்கிப் பாருங்கள். அணைக்கட்டு இரைச்சல் அங்கே கேட்கிறதா என்று தெரிந்துகொண்டு முன்பணம் கொடுங்கள்.