படக்கதைகளை வைத்துக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? உங்கள் அனுபவம் என்ன?

முடியும். ஆனால் முதல் தடவை நான் சொதப்பினேன்.

மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. எரிக் கார்லின் பசிக்காரப் புழுக் கதை (1969இல் வந்தது) அவளுக்கு உயிர். திங்கட்கிழமை ஓர் ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய், புதன் மூன்று பிளம்ஸ், வியாழன் நான்கு ஸ்ட்ராபெரி, வெள்ளி ஐந்து ஆரஞ்சு என்று புழு தின்றுகொண்டே போகும். நான் பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி, "இது எத்தனை? நேத்தைவிட எத்தனை கூட?" என்று கேட்டேன். புதன்கிழமைகூடத் தாண்டவில்லை. "நீங்க வேணாம்ப்பா, அம்மா படிக்கட்டும்" என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். நியாயம்தானே. சினிமா பார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

வாயை மூடிக்கொண்டேன். சில நாள் கழித்து, பழங்களில் இருக்கும் ஓட்டைகளில் விரலை விட்டுக்கொண்டே, "அப்பா, பக்கம் அகலமாகிட்டே போகுது பாருங்க" என்றாள். உண்மைதான், பழம் கூடக் கூடப் பக்கமும் அகலமாகும். புளியங்கொட்டையை எடுத்துவந்து 1, 2, 3, 4, 5 என்று படிக்கட்டாக அடுக்கினோம். ஒன்றையும் நான்கையும் சேர்த்தால் ஐந்து, இரண்டும் மூன்றும் ஐந்து, ஏற்கெனவே ஓர் ஐந்து. மொத்தம் 15. எண்ணிப் பார்க்காமலே சொல்லிவிட்டாள்.

என் கணிப்பில், வகுத்தலுக்குப் பாட் ஹட்சின்ஸின் 'தி டோர்பெல் ராங்' (1986) மாதிரி இன்னொன்று கிடைப்பது கஷ்டம். அம்மா 12 குக்கீ செய்கிறாள். பிள்ளைகள் இரண்டு பேர், ஆளுக்கு ஆறு. அழைப்புமணி அடிக்கிறது, இன்னும் இரண்டு பேர், ஆளுக்கு மூன்று. மறுபடி மணி, ஆறு பேர், ஆளுக்கு இரண்டு. அப்புறம் ஒரு பட்டாளமே வந்து 12 பேராகிவிட, ஆளுக்கு ஒன்றுதான். அந்த நேரத்தில் மறுபடியும் மணி! கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்ற பதைப்பே கணக்குதான். பெரும்பாலான 'கணக்குக் கதை'களில் முயல் மூன்று கேரட் வாங்கும், அப்புறம் இரண்டு வாங்கும். முயலை எடுத்துவிட்டால் ஒன்றும் குறையாது. இதில் எண்ணை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

12 என்பதும் சும்மா வைத்தது இல்லை. 2, 3, 4, 6 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். அதனால் ஒருநாள் வேண்டுமென்றே, "அஞ்சு பேர் வந்திருந்தா?" என்று கேட்டேன். வீட்டிலிருந்த சீடையை வைத்துப் பங்கு போட்டாள். ஆளுக்கு இரண்டு, மிச்சம் இரண்டு. "அது பாட்டிக்கு" என்று என் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். மீதி என்றால் என்ன என்று அதற்குமேல் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

இதன் பலன் இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தது. மூன்றாம் வகுப்பில் பின்னம் வந்தபோது, மூன்றில் ஒன்று பெரிதா ஆறில் ஒன்று பெரிதா என்றால், ஆறு பெரிய எண் என்பதால் பல பிள்ளைகள் ஆறில் ஒன்றைத்தான் சொல்வார்கள். இவளும் அப்படித்தான் ஆரம்பித்தாள். "பெல் அடிச்சு இன்னும் மூணு பேர் வந்துட்டாங்க" என்றேன். உடனே மாற்றிக்கொண்டாள்.

மேலே சொன்னவை ஆங்கிலப் புத்தகங்கள். நான் படத்தைக் காட்டித் தமிழில்தான் சொன்னேன். தமிழிலேயே வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாக நிறையக் கதைகள் உண்டு, தரவிறக்கியும் கொள்ளலாம். கணக்குக்கென்றே எழுதியவற்றைத்தான் தேடவேண்டும் என்றில்லை. பங்கு போடுவது, அளப்பது, வரிசையில் நிற்பது ஏதாவது ஒன்று கதையில் இருந்தால் போதும்.

ஏழாம் வாய்ப்பாடு மட்டும் அவளுக்கு இன்னும் திக்குகிறது. அதற்கு எந்தக் கதையும் கைகொடுக்கவில்லை. காலையில் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகும்போது ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.