மழை காற்றைக் கழுவிவிடும் என்கிறார்களே, பிறகு பருவமழை எப்படி மாசுத் துகள்களை வானத்தின் உயரத்துக்கு ஏற்றுகிறது?

கழுவுவது உண்மைதான். தூசி, புகைக்கரி ஆகியவற்றில் பெரும்பகுதி மழையோடு தரைக்கே வந்துவிடும். ஆனால் மேகம் வெறும் சல்லடை இல்லை, காற்றை உறிஞ்சி மேலே தள்ளும் குழாயும் அதுதான். தென்மேற்குப் பருவமழையின் பெரிய இடிமேகங்கள் தரையருகே இருக்கும் காற்றைச் சில மணி நேரத்திலேயே 12 கி.மீ.க்கும் மேலே தூக்கிவிடும். நீரில் எளிதில் கரையாத வாயுக்களும் தப்பிய நுண்துகள்களும் கூடவே போகும்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது அம்மோனியா. உரமிட்ட வயலிலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும் கிளம்புகிற இது நீரில் சட்டென்று கரையும். மழையிலேயே முழுசாகப் போயிருக்க வேண்டும், இல்லையா? மேகத்துளி உறைந்து பனியாகும்போது கரைந்திருந்த அம்மோனியாவில் ஒரு பங்கு வெளியே வந்துவிடுகிறது. அப்புறம் அது நைட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட் துகளாகிறது. அதாவது, அங்கே இருக்கும் துகள்கள் எல்லாமே கீழிருந்து ஏறியவை அல்ல. பல அங்கேயே பிறந்தவை. 2017இல் காத்மாண்டுவிலிருந்து பறந்த ஆய்வு விமானம் இவற்றை நேரிலேயே அளந்தது.

ஏறியது ஏன் உடனே கலைவதில்லை? கோடையில் திபெத்துக்கு மேலே ஒரு மாபெரும் எதிர்ச்சூறாவளிச் சுழற்சி, அதாவது உயர் அழுத்தப் பகுதியைச் சுற்றிக் காற்று சுழலும் அமைப்பு, நிற்கிறது. அது காற்றை வாரக்கணக்கில் அடைத்து வைக்கும். காலிப்ஸோ செயற்கைக்கோளின் தரவில் 2011இல் அடையாளம் காணப்பட்ட துகள் அடுக்கு இதற்குள்தான், சுமார் 13 முதல் 18 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. பருவமழை ஓய்ந்ததும் சுழற்சி உடையும். ஒரு பகுதி, மேகங்கள் உருவாகும் அடுக்குக்கு மேலே உள்ள அடுக்குமண்டலத்துக்குள் நுழையும். அங்கே மழை கிடையாது. அதனால் துகள்கள் மாதக்கணக்கில் தங்கி உலகின் பிற பகுதிகளுக்கும் பரவும்.